முதல் பவளத் தொட்டி: என்ன வாங்குவது, எப்படிப் பராமரிப்பது

உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் லைட்டைப் பற்றித்தான். எந்த லைட், எத்தனை வாட், நீலம் எவ்வளவு வேண்டும். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் வரிசையில் அது ஆறாவதோ ஏழாவதோ. பவளம் வளரும் கடலில் உப்பின் அளவு நேற்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சூடும் மெதுவாகத்தான் மாறும். அந்த உயிரைக் கொண்டுவந்து நாம் 80 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம், அங்கே மதியம் ஃபேனைப் போட்டாலே எல்லாம் ஆடும். அதனால் ஒரு கருவியை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது என் தண்ணீரை ஆடாமல் வைத்திருக்குமா? ஆம் என்றால் முதலில் அதை வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

சின்னதிலேயே கொஞ்சம் பெரியது

மேசை மூலையில் 20 லிட்டர் தொட்டி வைத்து ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அது தேர்ந்தவர்களின் விளையாட்டு. கணக்கைப் பாருங்கள்: கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு 36.8 ஆகிவிடும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதே ஒரு லிட்டர் 80 லிட்டர் தொட்டியிலிருந்து போனால் 35.4, அவ்வளவுதான். மீந்துபோன தீனி, செத்துப்போன நத்தை, கை தவறி அதிகம் ஊற்றிய மருந்து, எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். புதியவருக்கு 60 முதல் 100 லிட்டர் வரை சரியான அளவு.

உயரமான தொட்டியைவிட நீளமான, ஆழம் குறைந்த தொட்டி நல்லது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு அதிகம், ஒளி அடிவரை போகும், முக்கியமாக உங்கள் கை அடிவரை எட்டும். பின்பக்கம் தடுப்பு வைத்து ஹீட்டர், பம்ப், ஃபில்டர் பஞ்சு எல்லாம் அதற்குள் மறைந்துகொள்ளும்படி வரும் தொட்டிகள் உண்டு, முதல் தொட்டிக்கு அதுவே போதும். கீழே தனியாக சம்ப், அதாவது கருவிகளை வைக்கும் இரண்டாவது தொட்டி, வைப்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கரண்ட் போனால் மேல்தொட்டி நீர் எவ்வளவு கீழே இறங்கும், சம்ப் அதைத் தாங்குமா என்று பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். சம்ப் வைத்தே தீருவேன் என்பவர்கள் மீன் விடுவதற்கு முன் பம்ப்பை நிறுத்திப் பாருங்கள், தரை நனைகிறதா என்று.

எடையையும் மறக்கவேண்டாம். 80 லிட்டர் கடல்நீரே 82 கிலோ. கண்ணாடி, பாறை, மணல் சேர்ந்தால் 100 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஸ்டாண்டின் மட்டத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொட்டியை வையுங்கள். வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும், ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், அப்போது வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத லைனில் உப்புநீர்த் தொட்டி வைக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் பாஸ்பேட், நைட்ரேட், சிலிகேட் இருக்கலாம், குளோரமின் இருக்கலாம், பழைய குழாயாக இருந்தால் செம்பும் இருக்கலாம். செம்பு மீனை விட்டுவைத்தாலும் நத்தை, இறால், பவளத்தை விட்டுவைக்காது. ஆர்ஓ ஃபில்டருக்குப் பின், மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் சேர்ந்த சாதனம் வேண்டும். வீட்டில் குடிக்கும் ஆர்ஓ நீர் போதாதா என்று கேட்பார்கள். ருசிக்காக அதில் கொஞ்சம் தாது விட்டிருப்பார்கள், பல இயந்திரங்களில் திரும்பச் சேர்க்கவும் செய்வார்கள். கரைந்த தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டவேண்டும். ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கடற்கரைக்குப் போய்க் குடத்தில் மொண்டு வரலாமே என்றால், கரையோர நீரில் ஆறு, சாக்கடை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். பாக்கெட்டில் வரும் ரீஃப் உப்பை வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள்.

கலக்குவதில் ஒரே ஒரு ஒழுங்குதான்: வாளியில் முதலில் தண்ணீர், அதில் ஒரு சின்ன பம்ப் ஓடவேண்டும், சூடு 25 டிகிரி அளவில் இருக்கவேண்டும், அதன்பின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு ஏறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு என்ன கலக்கினாலும் கரையாது. லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் பிடிக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தண்ணீர் தெளியும்வரை சில மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் உப்பை அளந்து பாருங்கள்.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு தப்பிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் ஆர்ஓ நீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினால் போதாது, 35க்கான அளவுத்திரவம் விற்கிறார்கள், அதை வைத்துச் சரிசெய்யுங்கள். நமக்கு வேண்டியது 35 பக்கத்தில் சரியாகக் காட்டுவது, பூஜ்யத்தில் அல்ல. ஒப்படர்த்திக் கணக்கில் பார்த்தால் 1.025 முதல் 1.026.

பாறையும் மணலும்

இந்தத் தொட்டியின் ஃபில்டர் பாறைதான். கடையில் பார்க்கும் டப்பா ஃபில்டர்கள் எல்லாம் அதற்கு உதவியாள் மாதிரி. துளைகள் நிறைந்த பாறையின் உள்ளும் புறமும் பாக்டீரியா குடியேறி அமோனியாவைச் சாப்பிடுகிறது. 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக்குமிழியையும் மட்டும் நம்பிப் பவளத் தொட்டி நடத்தியிருக்கிறார். இன்றைய எல்லா ஏற்பாட்டுக்கும் அடியில் இருப்பது அந்த யோசனைதான்.

லைவ் ராக் என்றால் பாக்டீரியாவோடும் மற்ற குட்டி உயிர்களோடும் ஈரமாக வருவது. சீக்கிரம் நிலைப்படும், ஆனால் அழையாத விருந்தாளிகளும் கூடவே வருவார்கள்: நண்டு, ஐப்டேசியா என்ற கொட்டும் களை அனிமோன், சில சமயம் பெயர் தெரியாத எதுவோ. உலர்ந்த பாறையில் அந்தத் தொல்லை இல்லை, பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். நான் புதியவருக்கு உலர்ந்த பாறையோடு கைப்பிடி அளவு லைவ் ராக் சொல்வேன். கடலில் இறங்கிப் பாறையோ பவளமோ நீங்களாக எடுக்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். கல்பவளங்களின் நாடுகடந்த வியாபாரமே அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டு, அதாவது ஃப்ராக், தாராளமாகக் கிடைக்கும்போது எதற்கு வம்பு. தொட்டி வாழ்க்கைக்கு அது ஏற்கெனவே பழகியும் இருக்கும்.

80 லிட்டருக்கு 8 முதல் 10 கிலோ பாறை போதும், துளை அதிகம் என்றால் அதற்கும் குறைவு. பாறையை அடிக்கண்ணாடி மேல் நேராக உட்காரவைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால் என்றாவது ஒருநாள் ஒரு கோபி மீன் கீழே குழி தோண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குச் சத்தம் கேட்கும். கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் பாசி சுரண்டும் காந்தம் போகும் அளவு இடைவெளி விடுங்கள். சுவர் மாதிரி அடுக்காமல் வளைவும் பொந்துமாக வைத்தால் நீரோட்டம் உள்ளே புகும், மீனுக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். மணல் அரகனைட் வகை, 2 முதல் 4 சென்டிமீட்டர் கனம்.

கருவிகள், என் வரிசையில்

முதலில் தானாக நீர் நிரப்பும் கருவி, எல்லாரும் ஏடிஓ என்பார்கள். பலர் கடைசியில் வாங்குவது இதைத்தான், நானும் அந்தப் பலரில் ஒருவன். ஆரம்பத்தில் மட்டம் குறையும்போதெல்லாம் நான் உப்பு கலந்த நீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு வாரத்தில் உப்பு 39ஐத் தொட்டது, நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ டிஐ நீர்தான் போகவேண்டும். ஏடிஓ மட்டத்தைப் பார்த்துச் சிறுகச் சிறுக நிரப்பும். அதன் கையிருப்பு வாளியைப் பெரிதாக வைக்க ஆசை வரும், வாரக்கணக்கில் கவலை இல்லையே என்று. 80 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டர் போதும். சென்சார் என்றாவது சிக்கி எல்லாவற்றையும் கொட்டினாலும் உப்பு 33க்கு அருகில் நிற்கும், உயிர்கள் பிழைத்துக்கொள்ளும். 20 லிட்டர் வாளி என்றால் தொட்டியும் போகும், தரையும் போகும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், நீருக்குள் மூழ்கியிருந்தால் சைஃபன் ஆகிவிடும், பம்ப் நின்றபின்னும் குழாய் வழியே நீர் தானே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சூடு. 24 முதல் 26 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள். 80 லிட்டருக்கு 75 அல்லது 100 வாட் ஹீட்டர் போதும், பெரியது வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஹீட்டர் பழுதாகும்போது அணைந்துபோனால் நமக்கு நேரம் கிடைக்கும். எரியும் நிலையில் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து, அப்போது வாட் அதிகமாக இருந்தால் விடிவதற்குள் சூப் ஆகிவிடும். எனக்கு ஒருமுறை விடிந்து பார்க்கையில் 31 டிகிரி. அன்றிலிருந்து தனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வழியாகத்தான் ஹீட்டர் ஓடுகிறது. அறை எப்போதும் வெப்பமாக இருந்தால் பிரச்சினை தலைகீழ்: நீர்ப்பரப்பின் மேல் வீசும் ஒரு சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும், ஆனால் ஆவியாவது கூடும், ஏடிஓ அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். அதற்கும் இறங்கவில்லை என்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்க ஆரம்பிக்கும், சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு.

நீரோட்டத்துக்கு வேவ்மேக்கர். தொட்டியின் கொள்ளளவைப் போல 20 மடங்கு மணிக்கு ஓடினால் மென்பவளங்களுக்குத் தாராளம், அதாவது 80 லிட்டருக்கு 1600 லிட்டர். காற்று அடிப்பது மாதிரி நேராகப் பவளத்தின் மேல் திருப்பாதீர்கள், எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வரட்டும், மேற்பரப்பு நெளியும்படி கொஞ்சம் மேல்நோக்கி வையுங்கள். அந்த நெளிவில்தான் ஆக்சிஜன் உள்ளே வருகிறது.

இப்போது லைட். பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தருகிறது, அந்தப் பாசிக்குத்தான் ஒளி. நீலம் தூக்கலான, ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிற எல்இடி வாங்குங்கள். பாசிக்குப் பயன்படும் ஒளியைப் பார் (PAR) என்ற அளவில் சொல்வார்கள்: மென்பவளங்களுக்கு 50 முதல் 150, பெரிய பாலிப் கொண்ட கல்பவளங்களுக்கு 100 முதல் 200, அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கல்பவளங்களுக்கு 250க்கு மேல். புதியவர் கையில் ஒளி போதாமல் செத்த பவளத்தைவிட ஒளியில் கருகிய பவளம் அதிகம் என்பது நான் பார்த்தவரை. 30 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம், டைமரில்.

நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர்? இந்த அளவு தொட்டிக்கு இப்போதைக்கு வேண்டாம். வாரம் பத்து சதவீதம் நீர் மாற்றினால் அதன் வேலை பெரும்பாலும் நடந்துவிடும். அந்தப் பணத்தை டெஸ்ட் கிட்டில் போடுங்கள்: கரைந்த கார்பனேட்டின் அளவைக் காட்டும் அல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட் கட்டாயம், ஆரம்பத்துக்கு அமோனியாவும் நைட்ரைட்டும், பின்னால் கால்சியமும் மெக்னீசியமும். ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுவைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தொட்டிக்கு மேல் கண்ணாடி மூடி வேண்டாம், வலை மூடி போடுங்கள், கடல் மீன்கள் குதிக்கும்.

காத்திருக்கும் காலம்

எல்லாம் பொருத்தி, உப்புநீர் ஊற்றி, பம்ப் ஓடுகிறது. மீன் விடலாமா? இல்லை. பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. அமோனியம் குளோரைடு திரவத்தை 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 2 பங்கு, அளவுக்கு ஊற்றுங்கள், பாட்டில் பாக்டீரியாவும் சேர்க்கலாம். அமோனியா நைட்ரைட் ஆகும், நைட்ரைட் நைட்ரேட் ஆகும். 2 பிபிஎம் ஊற்றிய 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தயார். இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். நைட்ரைட் இருக்கும்போது பல நைட்ரேட் டெஸ்ட்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், பயப்படவேண்டாம். இந்த நாட்களில் லைட் போடாதீர்கள், வெறும் பாசிக்குத்தான் விருந்து. செத்த இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய முறையும் உண்டு. வேலை செய்யும். நாறும்.

தயாரானதும் ஒரு பெரிய நீர்மாற்றம் செய்துவிட்டு முதல் உயிரை விடலாம். அதோடு அசிங்கமான காலமும் ஆரம்பிக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில் மணல் மேல் பழுப்புத் தூள் மாதிரி டயாட்டம் என்ற நுண்பாசி படரும், சிலிகேட் தீர்ந்ததும் தானே போகும். பிறகு பச்சை முடிப்பாசி. சிவப்புத் தோல் மாதிரி உரிகிற சயனோ பாக்டீரியா வரலாம். பழுப்பு நூலில் காற்றுக்குமிழி கோத்தது மாதிரி தொங்கினால் அது டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர், அதுதான் உண்மையான தலைவலி. டைனோ பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில்தான் வருகிறது, சுத்தம் சுத்தம் என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்தவர்களுக்கு. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1, இதற்குள் இருந்தால் தொடாதீர்கள். சில மாதங்களில் பாறையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கோரலைன் பாசி பூக்க ஆரம்பிக்கும், அப்போது தொட்டி நிலைப்பட்டு வருகிறது என்று அர்த்தம்.

யாரை உள்ளே விடுவது

பாசி தெரிந்ததும் துப்புரவுப் பணியாளர்கள். ட்ரோகஸ் நத்தை நல்லது, கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், டர்போ நத்தைக்குப் பல சமயம் அது வராது. மணலுக்கு நசாரியஸ் நத்தை. ஹெர்மிட் நண்டு பார்க்க வேடிக்கைதான், ஆனால் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும், காலி ஓடு சிலவற்றைப் போட்டுவையுங்கள்.

மீன் விஷயத்தில் கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். 80 லிட்டருக்கு ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி, ஒரு கோபி, முடிந்தது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளர்கின்றன, இரண்டில் வலுத்தது பெண்ணாக மாறிவிடும், அதனால் ஆண் பெண் பார்த்து வாங்கும் வேலை இல்லை, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இரண்டு குட்டி வாங்கினால் போதும். கோமாளி கடலில் குடியிருக்கும் அனிமோன், அதாவது கடல் சாமந்தி, தொட்டியில் கட்டாயம் இல்லை. அனிமோன் நடக்கும், வேவ்மேக்கரில் சிக்கும், சிக்கினால் தொட்டியே விஷம். ஒரு வருடம் போகட்டும். வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும் ஒரே வளையில் குடியிருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்: பார்வை மங்கிய இறால் தோண்டிக்கொண்டே இருக்கும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறாலின் மீசை எப்போதும் கோபியின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். நீலநிற டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், வேண்டாம். மாண்டரின் மீன் பெரும்பாலும் கோப்பிபாட் போன்ற நுண்ணிய உயிர்களைத் தின்று வாழ்வது, சின்னத் தொட்டியில் மெலிந்து சாகும்.

புதிய மீனை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஹீட்டரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் உள்ள ஒரு தனித் தொட்டியில் ஒரு மாதமாவது இருக்கட்டும். வெண்புள்ளி நோய் வந்துவிட்டால் மருந்து செம்புதான், செம்பைப் பவளத் தொட்டியில் ஊற்றவே முடியாது. அப்புறம் மீனை எல்லாம் பிடித்து வெளியே எடுத்து, ஒட்டுண்ணி பட்டினியில் சாகும்வரை பெரிய தொட்டியை மீனில்லாமல் வைக்கவேண்டும், அதற்குப் பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு 76 நாள். பாறையைக் கலைக்காமல் ஒரு கோபியைப் பிடித்துப் பாருங்கள், ஒரு மாதத் தனிமை எவ்வளவு லாபம் என்று தெரியும்.

பையில் நெடுந்தூரம் வந்த மீனைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் பழக்குவதும் தப்பு. பையைத் திறந்ததும் நீரின் பிஹெச் ஏறும், அதோடு உள்ளே சேர்ந்திருந்த அமோனியாவின் விஷமும் ஏறும். மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள், உப்பு அளவும் ஒத்துப்போனால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

பவளத்தில் முதல் மூன்று: மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர். ஒளியிலும் ஓட்டத்திலும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும் ஜாதி. கிரீன் ஸ்டார் பாலிப்பும் ஜீனியாவும் அழகு, ஆனால் பெரிய பாறையில் ஒட்டவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடும், தனிக்கல்லில் தீவாக வையுங்கள். ஆறு மாதம் போனபின் ஹேமர் வகைக் கல்பவளம். அதன் கொட்டும் நீண்ட இழைகள் ராத்திரியில் நீளும், பக்கத்து வீட்டுக்காரரைச் சுடும், அக்கம்பக்கம் 10 சென்டிமீட்டராவது விடுங்கள். எந்த ஃப்ராக்கையும் பூச்சிகளை உதிர்க்கும் டிப் திரவத்தில் முக்கி எடுத்துப் பார்த்து, பிறகே உள்ளே விடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோவாந்தஸ், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைப்பது, வெந்நீர் ஊற்றுவது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது, ஆவியிலும் திவலையிலும் பரவி வீட்டில் இருக்கிற எல்லாரும் மருத்துவமனைக்குப் போகும்படி ஆகியிருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தாலும் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

வாரம் ஒருநாள்

நாளை சனிக்கிழமை, நீர்மாற்றும் நாள் என்றால் இன்றே 8 லிட்டர் உப்புநீர் கலந்து ஓடவிடுங்கள். மறுநாள் முதல் வேலை ஏடிஓவை அணைப்பது. மறந்தால், நீங்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச மட்டம் குறைந்துவிட்டது என்று அது உப்பில்லாத நீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து ஹீட்டர், நீருக்கு வெளியே சூடாக நின்றால் வெடித்துவிடும். பிறகு கண்ணாடியைச் சுரண்டி, பாறைப் பொந்துகளில் பைப்பட்டால் நீரைப் பீய்ச்சித் தூசியைக் கிளப்பி, அந்தக் கலங்கலோடு உறிஞ்சி எடுங்கள். புது நீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும், அழுக்கு அதில் பிடிபட்டாலும் தண்ணீருக்குள்ளேதானே இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டீர்களா என்று ஒருமுறை எண்ணுங்கள். நான் இன்னும் எண்ணுகிறேன்.

தினமும் செய்வது இரண்டு நிமிஷ வேலை: சூடு பார்ப்பது, மீன் எல்லாம் வந்து தின்கிறதா என்று பார்ப்பது, பவளம் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மீன் ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தொட்டி இருக்கும் அறையில் பூச்சிமருந்து ஸ்பிரேயும் வேண்டாம், கையில் கிரீமோடு உள்ளே விடவும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை அல்கலினிட்டி. 8 முதல் 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) வைத்துக்கொள்ளலாம், எந்த எண் என்பதைவிட அதே எண்ணில் நிற்பது முக்கியம். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350. பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கிறது: 1 டிகேஹெச் குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம்தான் குறையும். 420ல் 7 போனால் டெஸ்ட் கிட்டுக்குத் தெரியவே தெரியாது, 8ல் 1 போனால் உடனே தெரியும், அதனால்தான் எப்போதும் அல்கலினிட்டியைப் பார்க்கச் சொல்வது. மென்பவளம் மட்டும் இருந்தால் நீர்மாற்றமே ஈடுகட்டிவிடும், எதையும் ஊற்றவேண்டாம். கல்பவளம் கூடி வளரும்போது மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து, தினம் எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்கு மட்டும், கால்சியம் ஒரு பாட்டிலிலும் கார்பனேட் இன்னொன்றிலுமாக வரும் இருபாகத் திரவத்தை ஊற்றுங்கள். இரண்டு பாகத்தையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும், சில நிமிஷம் இடைவெளி விடுங்கள். இறங்கிப்போன அல்கலினிட்டியைத் தூக்கும்போது ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். பிஹெச் 7.8க்கும் 8.4க்கும் நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள், ராத்திரி இறங்கும், பகலில் ஏறும், மூடிய அறையில் ஆள்கூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பிஹெச் ஏற்றும் பாட்டிலை வாங்கி அந்த எண்ணைத் துரத்தினால் அல்கலினிட்டி எகிறும்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன், சூடு அப்புறம்தான். பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று, கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கும் வகை, வாங்கி வைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகவேண்டியிருந்தால், நான்கைந்து நாள் என்றால் வளர்ந்த மீன்கள் தீனி இல்லாமலே சமாளிக்கும், ஏடிஓ வாளியை மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மேல் என்றால் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்வீர்கள். தீனி டப்பாவை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், பாவம் பசிக்குமே என்று கொட்டிவிடுவார். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் அன்றன்றைக்கான தீனியைப் போட்டுவைத்து, மிச்சத்தை ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள்.